தலை தாழ்த்தும் நேரம்

மூன்றாவதாக வந்தது.
ஷாம் தெ மார்ஸ் முழுக்க வேறேதோ குதிரையின் பெயரைக் கத்திக்கொண்டிருக்க
கடிவாளத்தை என் கையில் போட்டுவிட்டு
ஜாக்கி சேணத்தோடு எடை பார்க்கப் போனான்.
போகிறபோது சொன்னான்:
"கடைசித் திருப்பத்தில் விழுங்கியது. இரண்டு முறை."

எச்சில் விழுங்கக்கூட நேரமில்லாத ஓட்டத்தில்
ஒரு குதிரை எதை விழுங்கும்?

முசியே சுப்ராயன் ஓடி வரவில்லை, நடந்தே வந்தார்.
ஓடினால் ஆட்கள் பார்ப்பார்கள்.
"செல்வேன், தலையைத் தூக்கிப் பிடி.
கொட்டடி போகும்வரை தாழவிடாதே."

தூக்கிப் பிடித்தேன்.
என்ன கம்பீரம் என்று சொல்லியிருப்பார்கள்.
கேமராக்காரன்கூட ஒரு நிமிடம் எங்கள்மேல் நின்றான்.

அவனுக்குத் தெரியாது,
நிமிர்ந்திருக்கும்வரை இரத்தம் வெளியே வராது என்று.
நுரையீரலின் பின்முனையில், முதுகை ஒட்டி,
எத்தனை நுண்குழாய் கிழிந்ததோ.
வெங்காயச் சருகைவிட மெல்லிய சுவர்.
இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் இரத்தம்.
தாவலுக்கு ஒரு மூச்சு, அதுவும் மூக்கால்தான்,
வாயால் மூச்சுவிட இதற்கு வராது.
இதயமோ
ஏற்றம் இறைப்பது போல அல்ல,
மதகு உடைந்தது போல.
நடுவே அந்தச் சருகு.

டாக்டர் மிரேய் இதை எனக்கு வரைந்து காட்டியது
தீவனச் சாக்கின் முதுகில்.
சாக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

காப்பர் லெட்ஜர் என்பது காகிதத்தில்,
எனக்குத் தித்தி.
தித்திக்கு நாங்கள் என்ன செய்யவில்லை?
தூசி ஆகாதென்று வைக்கோலை அள்ளிப்போட்டுவிட்டு
கிழித்த காகிதம் பரப்பினோம்.
பழைய பந்தயத் தாள்களும் அதில் உண்டு,
தன் பெயர்மேலேயே படுத்துத் தூங்கியது.
புல்லை நனைத்துத்தான் கொடுத்தோம்.
கரும்பு எரிக்கும் மாதத்தில் ஃப்ளோரியால் பக்கம் காற்று திரும்பினால்
இரவு இரண்டு மணிக்கும் எழுந்து ஜன்னலடைத்தேன்,
புகை போனதும் திறந்தேன்.
பயிற்சி நாட்களில் ஊசி.
போட்ட சற்றைக்கெல்லாம் மூத்திரமாய்ப் போய்
ஒரு வாளி எடை குறையும், குழாயில் அழுத்தமும்.
பந்தய நாளில் அது கூடாது. சட்டம்.
பந்தய நாளில் இருப்பது நானும் கயிறும்.

மே மாதம் ஒரு தரம் வடிந்தது, இரண்டு நாசியிலும்.
மூன்று மாதம் தடை.
மறுபடி என்றால் ஆயுளுக்கும்.
ஓடாத குதிரைக்கு இந்தத் தீவில் எத்தனை நாள் தீவனம் என்று
முசியே சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

குளிப்பாட்டும் இடத்தில் வாளி இருந்தது.
தித்தி தண்ணீரைப் பார்த்துக் கயிற்றை இழுத்தது.
நான் எதிர்த்து இழுத்தேன்.
மறுபடி விழுங்கியது.
என் கைப்பலத்தால்
தன் இரத்தத்தைத் தானே குடித்துக்கொண்டிருந்தது.

கண் என் பக்கம் திரும்பியது.
அதில் கேள்வி இருந்ததென்று கதை கட்ட மாட்டேன்.
தாகம் இருந்தது.

கயிற்றை விட்டேன்.

தலை இறங்கியது.
மூக்கு தண்ணீரைத் தொட்டது.
முதலில் ஒன்றுமில்லை. அட, தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன்.
பிறகு வாளிக்குள் ஒரு சிவப்பு நூல்,
இன்னொன்று,
அப்புறம் நூல் என்று சொல்ல முடியாது.

அது நிறுத்தவில்லை, குடித்துக்கொண்டேயிருந்தது.
எனக்குப் பின்னால் முசியேயின் பூட்ஸ் சத்தம் நின்றது.
டாக்டர் நோட்டைத் திறந்து மணி கேட்டார்.
"நாலு பத்து."
"எந்த நாசி?"
"இரண்டும்" என்றேன்,
சிக்னல் மலையைப் பார்த்துக்கொண்டு.

வாளியைக் கவிழ்த்துவிட்டு
வேறு தண்ணீர் பிடிக்கப் போனேன்.